டல்லாஸ் குமாஸ்தாவின் சம்பளமும் நம் ஊர்ப் பேரேடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேட்டால் கணினியே எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸ் என்னும் தகவல் தொகுப்பிடம் கேள்வி கேட்கும் மொழி) எழுதிக் கொடுத்துவிடும் காலத்தில், பி.சி.ஏ. பிள்ளைகளுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க டேட்டாபேஸ் நடத்துவது வீண் வேலை என்று ஒரு வாசகர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். சாஃப்ட்வேர் துறையில் இருப்பவர் போலிருக்கிறது. நான் அந்தத் துறை இல்லை. பெங்களூரு சிவாஜி நகரில் பதிவு பெற்ற ஒரு சீட்டு கம்பெனியில் பேரேடு எழுதி ஓய்வு பெற்றவன். பேத்தி பி.சி.ஏ. படிக்கிறாள், அல்சூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் சாயங்காலத்தில் அவளுக்கு லேப். அந்த உரிமையில் எழுதுகிறேன். பாடம் வீண் இல்லை. நடத்துகிற விதத்தில்தான் கோளாறு. தகவலை வரியும் பத்தியுமாக வைக்கும் டேபிளை எப்படி அமைப்பது என்று யோசிக்கச் சொல்லிக் கொடுக்காமல், கணினி செய்துவிடக்கூடிய வேலையைப் பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்.

அவளுடைய ரெக்கார்டு நோட்டை வாங்கிப் புரட்டினேன். முதல் பயிற்சியிலிருந்து கடைசி வரை இரண்டே டேபிள்கள்: எம்ப், டெப்ட். 14 ஊழியர்கள், நான்கு துறைகள். தலைவர் கிங், சம்பளம் 5000. ஸ்மித் டல்லாஸில் குமாஸ்தா, சம்பளம் 800. பெரும்பாலோர் 1981-ல் வேலைக்குச் சேர்ந்தவர்கள். இவை ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் நிறுவனம் தன் மென்பொருளோடு மாதிரிக்காகக் கொடுத்த டேபிள்கள். அந்த மாதிரிக் கணக்குக்குள் நுழையப் பெயர் ஸ்காட், பாஸ்வேர்டு டைகர். புரூஸ் ஸ்காட் என்பவர் அந்த நிறுவனத்தின் ஆரம்ப கால ஊழியர். டைகர் அவர் வீட்டுப் பூனை. அந்தப் பூனையின் பெயரைத் தட்டித்தான் நம் ஊரில் எத்தனையோ பேர் டேட்டாபேஸுக்குள் நுழைந்திருக்கிறார்கள்.

அந்த டேபிள்கள் மோசம் என்று சொல்ல வரவில்லை. விவரமான ஆள் யாரோதான் செய்திருக்கிறார். பாஸ்டனில் ஒரு துறை இருக்கிறது, அதில் ஒருவரும் இல்லை; இரண்டு டேபிளைச் சேர்க்கும்போது பொருத்தம் கிடைக்காத வரியையும் விடாமல் காட்டும் அவுட்டர் ஜாயின் புரிவதற்காகவே வைத்ததுபோல் இருக்கிறது. கிங்குக்கு மேலதிகாரி இல்லை. கமிஷன் என்ற பத்தியில் நான்கே பேருக்குத்தான் எண் இருக்கிறது: 300, 500, 1400, அப்புறம் டர்னர் என்பவருக்கு 0. மற்ற பத்துப் பேருக்கு அந்த இடம் காலி. சராசரி கமிஷன் கேட்டால் 550 என்று வரும், அதாவது 2200-ஐ நாலால் வகுத்தது. டர்னரின் சுழி கணக்கில் சேர்கிறது, காலி இடங்கள் சேர்வதில்லை. பேத்திக்கு விடை 550 என்று தெரியும். டர்னரை ஏன் சேர்த்தார்கள், ஸ்மித்தை ஏன் விட்டார்கள் என்று கேட்டால், "அது அப்படித்தான் தாத்தா" என்றாள். பேரேடு எழுதியவனுக்கு இது முதல் நாள் பாடம். பணம் வர வேண்டியிருந்து ஒன்றும் வராவிட்டால் சுழி போடுவோம். அந்தப் பத்தியே அவருக்குப் பொருந்தாது என்றால் கோடு இழுப்போம். இன்னும் தகவல் வரவில்லை என்றால் காலியாக விட்டுப் பென்சிலில் ஒரு புள்ளி வைப்போம். கணினியில் கோட்டுக்கும் புள்ளிக்கும் சேர்த்து நல் என்று ஒன்றைத்தான் வைத்திருக்கிறார்கள். அதனால் வரும் தொல்லை கொஞ்சநஞ்சம் அல்ல என்று இப்போது தெரிந்துகொண்டேன். காலியோடு எதைக் கூட்டினாலும் காலிதான் என்பதால், சம்பளத்தோடு கமிஷனைக் கூட்டச் சொன்னால் அந்தப் பத்துப் பேரின் மொத்த வருமானமே காணாமல் போய்விடுகிறது.

என் குறை வேறு. எம்ப், டெப்ட் இரண்டும் ஏற்கெனவே யாரோ யோசித்து வெட்டி ஒட்டி வைத்தவை. மாணவர் அதில் கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். எதற்குத் தனி டேபிள் வேண்டும், ஒரு டேபிளில் ஒரு வரி என்றால் அது எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யும் வேலை அவருக்கு வருவதே இல்லை. டிசைன் பகுதியில் நார்மல் ஃபார்ம்களின் (ஒரே தகவலைப் பல இடத்தில் எழுதாதபடி டேபிளைப் பிரிக்கும் விதிகளின்) வரையறை மட்டும் இருக்கிறது. ஏ, பி, சி, டி என்று எழுத்துகளை வைத்து அம்புக்குறி போட்டுக் கணக்குப்போல் செய்கிறார்கள். அதில் பேத்திக்கு நல்ல மார்க்கும் வருகிறது.

சரி, நம் சீட்டுக் கணக்கை எடுத்து டேபிள் போடு பார்க்கலாம் என்றேன். சீட்டு தெரியாத வீடு நம்மில் குறைவு, இருந்தாலும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவில் 20 டிக்கெட், டிக்கெட்டுக்கு மாதம் 5,000, 20 மாதம். சீட்டுத் தொகை ஒரு லட்சம். ஒரு மாத ஏலத்தில் ஒருவர் 25,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து எடுத்தால் அவர் கைக்கு 75,000. தள்ளியதில் கம்பெனி கமிஷன் 5,000 போக மீதி 20,000 எல்லா டிக்கெட்டுக்கும் பங்கு. டிக்கெட்டுக்கு 1,000 கழிவு. ஆக அந்த மாதம் கட்ட வேண்டியது 4,000.

அவள் முதலில் போட்ட டேபிளில் ஒரு வரிக்கு ஓர் ஆள். பெயர், முகவரி, குழு எண், அப்புறம் மாதம் ஒன்று, மாதம் இரண்டு என்று இருபது பத்தி. பார்க்க அச்சு அசலாக எங்கள் பேரேட்டுப் பக்கம் மாதிரியே இருந்தது. முப்பது மாதக் குழு வந்தால் என்ன செய்வாய் என்றேன். இன்னும் பத்துப் பத்தி சேர்ப்பேன் என்றாள். ரஸ்ஸல் மார்க்கெட் பழக்கடைக்காரர் ஒரே குழுவில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறார், ஒன்றை எடுத்துவிட்டார், ஒன்று நிற்கிறது. அவர் எடுத்தவரா, எடுக்காதவரா என்றேன். யோசித்தாள். பூக்கார அம்மாவும் அவர் தங்கையும் சேர்ந்து ஒரு டிக்கெட்டை ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கிறார்கள், அவர்களை எந்த வரியில் எழுதுவாய் என்றேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

சீட்டு எடுப்பது ஆள் இல்லை, டிக்கெட். பணம் கட்ட வேண்டியதும் டிக்கெட்டுக்குத்தான். ஆளுக்கும் குழுவுக்கும் நடுவில் டிக்கெட் என்று ஒன்று நிற்கிறது. அதற்குத் தனி டேபிள் வேண்டும். ஆளுக்கும் டிக்கெட்டுக்கும் நடுவில் இன்னொரு சிறு டேபிள்: யாருக்கு எத்தனை பங்கு என்று. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. 1982-ஆம் வருடச் சிட் ஃபண்ட் சட்டமே டிக்கெட்டைத் தனியாக வரையறுத்து, அதில் ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்பவரையும் சந்தாதாரர் என்றுதான் சொல்கிறது. கல்லூரியில் இதை மெனி-டு-மெனி உறவு (இந்தப் பக்கம் ஒன்றுக்கு அந்தப் பக்கம் பல, அந்தப் பக்கம் ஒன்றுக்கும் இந்தப் பக்கம் பல) என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்; மாணவரும் பாடமும் என்ற பழைய உதாரணம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அது இங்கே ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றுவதற்குப் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்கு அழுக்கான கணக்கு வேண்டும்.

அடுத்தது பிரைமரி கீ, அதாவது ஒரு வரியை மற்ற வரிகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். பெயரையே வைத்துக்கொள்ளலாமா என்றாள். எங்கள் கிளையில் எஸ்.முருகன் என்ற பெயரில் பல பேர் இருந்தார்கள். ஒருவர் ஆட்டோ முருகன், ஒருவர் கமர்ஷியல் ஸ்ட்ரீட் டெய்லர் முருகன், இன்னொருவர் வெறும் முருகன். கன்னடக்காரர், உருதுக்காரர், தெலுங்குக்காரர் எல்லோரும் ஏலத்துக்கு உட்காருவார்கள். அவர்கள் பெயரை ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதுவோம். அப்படியானால் டிக்கெட் எண் போதுமே என்றாள். ஏழாம் நம்பர் டிக்கெட் எல்லாக் குழுவிலும் இருக்கிறதே! குழு எண்ணும் டிக்கெட் எண்ணும் சேர்ந்தால்தான் ஒன்று. காம்போசிட் கீ என்று நோட்டில் எழுதியிருந்ததைத் தானே எடுத்துக் காட்டினாள், முகம் மலர்ந்துவிட்டது.

கமிஷனை எங்கே எழுதுவது என்பதில் கொஞ்சம் சண்டையே நடந்தது. க்வெரியிலேயே, அதாவது டேபிளிடம் கேட்கும் கேள்வியிலேயே, ஐந்து சதவீதம் என்று போட்டுவிடலாம் என்பது அவள் கட்சி. நான் வேலை பார்த்த காலத்தில் சட்டப்படி உச்சவரம்பு ஐந்துதான். 2019 திருத்தத்தில் அது ஏழு ஆகிவிட்டது. பழைய குழுவின் ஒப்பந்தத்தில் ஐந்து, புதிய குழுவில் ஏழு என்று இரண்டும் ஒரே அலுவலகத்தில் ஓடினால்? கமிஷன் கம்பெனியைச் சார்ந்தது இல்லை, டிக்கெட்டைச் சார்ந்ததும் இல்லை, குழுவைச் சார்ந்தது. எனவே அது குழு டேபிளில் உட்கார வேண்டும். எது எதைச் சார்ந்தது என்று கேட்டுக்கொண்டே போவதுதான் அந்த நார்மல் ஃபார்ம் விவகாரம் முழுவதும் என்று எனக்குப் பட்டது. எழுத்துக்கு எழுத்து அம்பு போடுவதைவிட இது எளிதாகவும் இருக்கிறது.

முகவரி விஷயத்தில் எனக்கே அனுபவம் உண்டு. நான் இருந்த கம்பெனியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பேரேடு, ஒவ்வொன்றிலும் முகவரி. மூன்று குழுவில் இருக்கும் ஒருவர் கம்மனஹள்ளிக்கு வீடு மாறிவந்து சொல்லுவார். எதிரில் இருக்கும் பேரேட்டில் மாற்றுவார்கள், மற்ற இரண்டும் பழையபடியே நிற்கும். பாக்கி நோட்டீஸ் பதிவுத் தபாலில் போய், ஆள் இல்லை என்று முத்திரையோடு திரும்பி வரும். குழு முடிந்தால் பழைய பேரேடு பரணுக்கு ஏறிவிடும், அதோடு அந்த ஆளின் முகவரியும் போச்சு. அப்டேட் அனாமலி, டெலீட் அனாமலி என்று ஐந்து மார்க் கேள்விக்குப் பிள்ளைகள் எழுதுவது இதைத்தான்.

இந்தத் துறையைத் தொடங்கி வைத்தவர்கள் என்னைப் போன்றவர்களை மறக்கவில்லை என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டேன். 1970-ல் ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், தகவலை டேபிள்களாக வைத்து, எது வேண்டும் என்று மட்டும் கேட்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு முன்னால் எந்த பீரோவில் எந்தத் தட்டில் எந்தக் கட்டு என்று தெரிந்தவர் மட்டும்தான் தகவலை எடுக்க முடியும் என்ற நிலை. பிறகு 1974-ல் டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் இன்றைய எஸ்.க்யூ.எல்.லின் முதல் வடிவத்தைக் கொண்டுவந்தபோது, புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் பயன்படுத்த வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு அவர்கள் கொடுத்த உதாரணத்தில் கணக்கர்களும் உண்டு. ஆக, வாசகர் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் இதில் பேசலாம்.

இப்போது அவர் சொன்ன விஷயத்துக்கே வருகிறேன். கணினி எழுதிக் கொடுக்காதா? எழுதிக் கொடுக்கிறது. பேத்தியும் கேட்டு வாங்கினாள். டேபிள்கள் ஒருவழியாகச் சரியானதும், சோதனைக்கு நாலே டிக்கெட் போட்டு வைத்திருந்தாள்: 3, 7, 11, 15. நால்வரும் அந்த மாதம் 4,000 கட்டிவிட்டார்கள், மொத்தம் 16,000. இதில் 3-ம் 7-ம் ஏற்கெனவே சீட்டு எடுத்தவை. எடுத்தவர்கள் ஜாமீன் கொடுக்க வேண்டும், ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர். மற்ற இரண்டும் எடுக்காதவை, ஜாமீன் கிடையாது. ரசீது டேபிளையும் ஜாமீன் டேபிளையும் சேர்த்து இந்த மாத வசூலைக் காட்டு என்று கேட்டாள். நொடியில் க்வெரி வந்தது. ஓட்டினாள். விடை 16,000.

"டேலி ஆயிடுச்சு தாத்தா!"

டேலி ஆனால் உடனே நம்புகிற பழக்கம் பேரேட்டுக்காரனுக்குக் கிடையாது. டிக்கெட் வாரியாக அடித்துக் காட்டு என்றேன். வந்தது இரண்டே வரி. 3-க்கு 8,000, 7-க்கு 8,000. 11-ம் 15-ம் காணோம்!

நடந்தது இதுதான். ஜாயின் செய்யும்போது 3-ம் டிக்கெட்டின் ஒரு ரசீது இரண்டு ஜாமீன்தாரரோடும் தனித்தனியாகச் சேர்ந்து இரண்டு வரியாகிவிட்டது, 7-ம் அப்படியே. ஜாமீன் இல்லாத இரண்டும் பொருத்தம் கிடைக்காமல் உதிர்ந்துவிட்டன. கூடியது எட்டாயிரம், குறைந்தது எட்டாயிரம். தப்பும் தப்பும் சேர்ந்து சரியான விடையாக வந்து உட்கார்ந்துகொண்டது. உடனே, ஜாமீன் இல்லாவிட்டாலும் ரசீதை விடாத லெஃப்ட் ஜாயினாக மாற்றினாள். இப்போது 24,000. விட்டுப்போன இரண்டும் திரும்பி வந்துவிட்டன, இரட்டித்தது அப்படியே இருந்தது. கடைசியில் ரசீதை மட்டும் தனியாக டிக்கெட் வாரியாகக் கூட்டி, ஜாமீன்தாரர்களைத் தனியாக எண்ணி, அப்புறம் இரண்டையும் சேர்த்தபோதுதான் 16,000 முறையாக வந்தது.

கணினி மேல் குற்றம் சொல்ல மாட்டேன். சேர் என்றாள், சேர்த்துக் கொடுத்தது. ரசீது டேபிளில் ஒரு வரி என்பது ஒரு ரசீது, ஜாமீன் டேபிளில் ஒரு வரி என்பது ஒரு ஜாமீன்தாரர், இரண்டையும் ஜாயின் செய்தபின் ஒரு வரி என்பது என்ன என்று கேட்டுக்கொள்ள வேண்டியது மனுஷர்தான். நாலு டிக்கெட்டில் விரல் விட்டு எண்ணிப் பிடித்துவிட்டோம். நாலாயிரம் டிக்கெட் ஓடும் கம்பெனியில், எடுத்தவர் பாதி எடுக்காதவர் பாதி இருக்கும் ஒரு மாதத்தில், மொத்தம் ஏறக்குறைய சரியாகவே காட்டும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். க்வெரி எழுதுவது சுலபமாகிவிட்டதால் பாடத்தை எடுத்துவிடலாம் என்கிறார் வாசகர். சுலபமாக வந்துவிடுகிற விடையைச் சரிபார்க்கத்தானே ஆள் தேவைப்படுகிறது?

இதைத் தேர்வில் சோதிக்கிறார்களா என்றால் இல்லை. தியரித் தேர்வில் க்வெரியைப் பேனாவால் தாளில் எழுத வேண்டும். காற்புள்ளி விட்டுப்போனால் அரை மார்க் போகும். தாளில் எழுதிய க்வெரி பதில் சொல்லாது. எனவே தவறான பதில் எப்படி இருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பே பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. செய்முறைத் தேர்விலோ அதே எம்ப், டெப்ட். வைவாவில் டி.டி.எல். (டேபிளை அமைக்கும் கட்டளைகள்), டி.எம்.எல். (உள்ளே இருக்கும் தகவலைக் கையாளும் கட்டளைகள்) வேறுபாடு கேட்பார்கள்.

லேபில் வசதி இல்லை என்ற காரணமும் செல்லாது. எஸ்.க்யூ.லைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இலவசம், தனியாக சர்வர் வேண்டாம், ஆண்ட்ராய்டு போன்களுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய லேப்டாப்பில் அதுதான் ஓடுகிறது. போஸ்ட்கிரெஸும் மைஎஸ்க்யூஎல்லும்கூடக் காசில்லாமல் கிடைப்பவைதான். அறுபது பிள்ளைகளுக்கு அறுபது வெவ்வேறு புராஜெக்ட் கொடுத்தால் ஆசிரியரால் திருத்த முடியாது, அது நியாயம். எல்லோருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்து ஆளுக்கு வேறு கேள்வி கேட்கலாமே. சீட்டு இல்லாவிட்டால் கே.ஆர். மார்க்கெட் பூ மண்டியின் கடன் நோட்டு, ஆல்டரேஷன் கடையின் டோக்கன் புத்தகம், தமிழ்ச் சங்க நூலகத்தின் இரவல் பதிவேடு, பெங்களூரில் பஞ்சமா? ஒன்று மட்டும்: உண்மையான ஆட்களின் பெயரும் போன் நம்பரும் கல்லூரிக்குப் போகக் கூடாது. கணக்கின் வடிவத்தை எடுத்துக்கொண்டு ஆட்களைக் கற்பனையாகப் போட்டுக்கொள்ளட்டும்.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் யாராவது இந்தப் பேப்பரைப் படிப்பவர்களாக இருந்தால், செய்முறைத் தேர்வுக்கு ஒரு கேள்வியை இங்கேயே கொடுத்துவிடுகிறேன். மூன்று சீட்டுக் குழுக்களின் கணக்கு கையால் எழுதியபடியே தரப்படும். அரை டிக்கெட் வைத்திருப்பவர்கள் உண்டு, ஒரே பெயரில் இருவர் உண்டு, ஒருவர் வீடு மாறியிருக்கிறார். டேபிள்களை அமைத்து, இந்த மாதம் பாக்கி வைத்திருக்கும், ஏற்கெனவே சீட்டு எடுத்துவிட்ட டிக்கெட்டுகளையும் அவற்றின் ஜாமீன்தாரர்களையும் காட்டுக. அரை டிக்கெட்காரர் இருவரில் ஒருவர் மட்டும் கட்டியிருந்தால் அந்த டிக்கெட் பட்டியலில் வருமா, ஏன்? நேரம் மூன்று மணி. இணையம் உண்டு, கணினியிடம் க்வெரி கேட்டு வாங்கவும் தடையில்லை. மார்க்கில் பாதி டேபிள் அமைப்புக்கு, மீதிப் பாதி வந்த விடை சரிதான் என்று எப்படிப் பார்த்தாய் என்பதற்கு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேரேட்டு எழுத்தர்,
அல்சூர், பெங்களூரு.